டிசம்பர் 26

நேயர்களே, அட்டாளைச்சேனையில் பெரும்பாலான வீடுகளின் சுவரிலே ஒரு நாட்காட்டி தொங்குவதைக் காணலாம். அதன் ஒவ்வொரு தாளிலும் ஆங்கிலத் திகதி பெரிய எழுத்திலும், ஹிஜ்ரித் திகதி அதன் பக்கத்தில் சிறிய எழுத்திலும் இருக்கும். கீழே ஐவேளைத் தொழுகைக்குரிய நேரங்கள் நிரலாக அச்சிடப்பட்டிருக்கும். காலையில் எழுந்து முதல்நாள் தாளைக் கிழிப்பவர், அந்த நாள் அதனோடு முடிந்துவிட்டது என்றே எண்ணுகிறார். நாட்களிற் பலவும் அவ்வாறே முடிந்துவிடுகின்றன. ஆயினும், இக்கரையோரத்து மக்களுக்கு ஆண்டுதோறும் தவறாது திரும்பி வரும் ஒரு தாள் உண்டு. அது டிசம்பர் 26 ஆகும்.

அந்த ஒரு திகதியிலே உலகில் நிகழ்ந்தவை யாவை, அவற்றை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது நாம் அறிந்துகொள்ளக் கூடியது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் வேண்டும். ஞாயிறு எழுவதும் மறைவதும் இயற்கை. திங்கள் வளர்வதும் தேய்வதும் இயற்கை. ஆனால், ஒரு நாளுக்கு இலக்கமிட்டு 'இன்று 26' என்று கூறுவது மனிதன் செய்துகொண்ட ஏற்பாடு. இதற்கு வரலாற்றிலேயே நல்ல சான்றுகள் உள்ளன. முகலாயப் பேரரசை நிறுவிய பாபர் ஆக்ராவிலே காலமான நாள் 1530 டிசம்பர் 26 என்று நூல்கள் கூறும். ஹிஜ்ரிக் கணக்கில் அது 937ஆம் ஆண்டு ஜமாதுல் அவ்வல் பிறை 6. ஆனால், இன்று நாம் வழங்கும் கிரகோரியன் நாட்காட்டி 1582இலேதான் நடைமுறைக்கு வந்தது. அதன் கணக்கைப் பின்னோக்கி நீட்டிப் பார்த்தால், பாபர் மறைந்த அதே நாள் 1531 ஜனவரி 5 ஆகிவிடுகிறது. நாள் ஒன்றே; பெயர் மூன்று.

துருக்கி நாட்டின் சட்டசபை ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கை நீக்கி, கிரகோரியன் ஆண்டுக் கணக்கை ஏற்றுச் சட்டம் இயற்றியதும் ஒரு டிசம்பர் 26 அன்றுதான், ஆண்டு 1925. 1926 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து அது அமுலுக்கு வந்தது. ஒரு நாட்டின் மன்றம் கூடித் தீர்மானித்தால் நாளின் பெயரே மாறிவிடுகிறது என்றால், திகதி என்பது நம் வசதிக்காக நாம் நட்டுக்கொண்ட அளவுகோலேயன்றி வேறில்லை என்பது விளங்கும்.

அந்த அளவுகோலிலே டிசம்பர் 26 என்னும் புள்ளியில் நல்லனவும் பல நிகழ்ந்துள்ளன. கணிக்கும் இயந்திரத்தை முதன்முதலில் விரிவாகத் திட்டமிட்டு, இன்றைய கணினிக்கு முன்னோடியாக விளங்கிய சார்ள்ஸ் பாபேஜ் 1791இல் இந்நாளிலே இங்கிலாந்திற் பிறந்தார். மேரி கியூரியும் அவர் கணவர் பியேர் கியூரியும் ரேடியம் என்னும் புதிய தனிமம் ஒன்று உண்டென்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்துக்கு அறிவித்தது 1898இல் இந்நாளிலேதான். புற்றுநோய்ச் சிகிச்சையின் ஒரு பெரும் பிரிவு அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து வளர்ந்தது.

மேலைத் திருச்சபையினர் புனித ஸ்தேவான் என்னும் முதல் இரத்தசாட்சியை நினைவுகூரும் நாளும் இதுவே. கிரிக்கெட் ஆட்டத்தை விரும்பும் நேயர்கள், மெல்பேர்ன் மைதானத்திலே இந்நாளில் தொடங்கும் டெஸ்ட் பந்தயத்தை அறிவார்கள். 1995இல் அந்த மைதானத்திலேதான் முத்தையா முரளிதரன் பந்தை எறிவதாக நடுவர் டரல் ஹேயர் மீண்டும் மீண்டும் குற்றங் கூறினார். பின்னர் விஞ்ஞான முறையில் நடைபெற்ற பரிசோதனைகள் முரளிதரனின் பந்துவீச்சை ஏற்றன. அவர் 800 டெஸ்ட் விக்கெட்டுகளை வீழ்த்திய பின்னரே ஓய்வு பெற்றார்.

இவையெல்லாம் அத்திகதிக்கு உரியவையே. ஆயினும், கல்முனையிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும், நிந்தவூர் தொடங்கி அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஈறாகவும், அதற்கும் தெற்கே திருக்கோவிலிலும் 'டிசம்பர் 26' என்று சொன்னால் மக்களின் நினைவுக்கு வருவது 2004 ஒன்றே.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முழுமதி நாளாதலால் போயா விடுமுறை. ஹிஜ்ரி 1425ஆம் ஆண்டின் துல்கஃதா மாத நடுப்பகுதி. வயல்களிலே பெரும்போக நெற்பயிர் பசுமையாக நின்ற காலம். கடற்கரையில் தோணிகளும் கரைவலைகளும் வாடிகளும் வழக்கம்போல் இருந்தன. இலங்கை நேரப்படி காலை 7 மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது, சுமாத்திராத் தீவின் வடமேற்கே கடலடியில் 9.1 அளவான பூகம்பம் நிகழ்ந்தது. ஏறக்குறைய 1,200 கிலோமீற்றர் நீளத்துக்குப் புவியோடு பிளந்து நகர்ந்து, அதன் மேலிருந்த கடல்நீரை மேலே தள்ளியது. ஒன்றரை மணி முதல் இரண்டு மணி வரையான நேரத்துக்குள் அந்நீர் நமது கிழக்குக் கரையை அடைந்தது. தென்மேற்குக் கரையை அது சுற்றிச் சேர்ந்தபோது, பெரலிய என்னுமிடத்தில் நின்றுகொண்டிருந்த புகைவண்டி ஒன்றே ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களுடன் அழிந்தது.

இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. இங்கு இறந்தோர் தொகை 10,000ஐத் தாண்டியது. இந்து சமுத்திரத்தைச் சூழ்ந்த 14 நாடுகளிலும் சேர்த்து ஏறக்குறைய 2 இலட்சத்து 27 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். நமது கரையிலே சேதம் மிகுந்தமைக்குக் காரணம் உண்டு. இங்கு நிலம் தாழ்ந்தது, சமதளமானது. கிழக்கே கடல், மேற்கே வயலும் நீர்நிலைகளும், இடையிலே ஒடுங்கிய மணற்றரை. அந்தத் தரையின் மேலேதான் ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நெருக்கமாக வளர்ந்திருந்தன.

இத்தகைய பேரிழப்புக்குப் பின் சிலர், 'இந்தத் திகதியே கூடாத திகதி' என்று கூறத் தலைப்பட்டனர். அவர்கள் காட்டிய சான்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. இதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன், 2003 டிசம்பர் 26 அதிகாலையில், ஈரான் நாட்டின் பாம் நகரம் பூகம்பத்தால் இடிந்து 26,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மண்ணாற் கட்டப்பட்ட அந்நகரின் பழம்பெருங் கோட்டையும் வீழ்ந்தது. பாம் பூகம்பத்துக்கும் சுமாத்திராப் பூகம்பத்துக்கும் இடைப்பட்ட காலம் ஓராண்டுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரமே குறைவு. மேலும், 2006 டிசம்பர் 26 அன்று தாய்வானின் தென்கரையில் வலிய பூகம்பம் ஒன்று நிகழ்ந்து, கடலடித் தொடர்புக் கம்பிகளை அறுத்தது.

இவற்றை அடுக்கிக் கேட்கும்போது மனம் மருளுவது இயல்பு. ஆனால், கணக்கைச் சற்றுப் பார்ப்போம். உலகிலே 7 என்னும் அளவும் அதற்கு மேலுமான பூகம்பங்கள் ஆண்டொன்றுக்குச் சராசரி 15 அளவில் நிகழ்கின்றன. நூறாண்டில் அவை 1,500 ஆகும். அவற்றை ஆண்டின் 365 நாட்களுக்கும் பங்கிட்டால், எந்தத் திகதியை எடுத்தாலும் நான்கு பூகம்பங்கள் அதற்குரியனவாக வரும். ஆகவே, டிசம்பர் 26க்குச் சான்று தேடுபவர் மார்ச் 3க்கும் ஓகஸ்ட் 19க்கும் தேடினாலும் பெறுவார். வேறுபாடு யாதெனில், அந்த நாட்களில் அவர் தேடவில்லை என்பதே. ஸபர் மாதத்து ஒடுக்கத்துப் புதனைப் பீடையுள்ள நாளென்று அஞ்சிய வழக்கம் நம்மிடையே முன்னர் இருந்தது. நாளும் மாதமும் தாமாகத் தீமை விளைவிப்பதில்லை என்று மார்க்க அறிஞர்கள் அதைக் கண்டித்தே வந்திருக்கிறார்கள். கணிதமும் அதையே கூறுகிறது.

அங்ஙனமாயின், எதை முன்கூட்டி அறிய முடியும், எதை அறிய முடியாது? இதையும் அத்திகதியிலேயே நிகழ்ந்த இன்னொன்று நமக்கு விளக்குகிறது. 2019 டிசம்பர் 26 காலை கங்கண சூரிய கிரகணம் நிகழ்ந்தது. சந்திரனின் நிழல் அரேபிய நாடுகளிலே தொடங்கி, தென்னிந்தியாவையும் யாழ்ப்பாணத்தையும் கடந்து, கடலைத் தாண்டிச் சுமாத்திராவை நோக்கிச் சென்றது. 2004இல் அலைகள் வந்த அதே கடலின் மீது, எதிர்த் திசையிலே அந்த நிழல் போயிற்று. யாழ்ப்பாணத்திலே சூரியன் ஒளிவளையமாகத் தோன்றியது காலை ஒன்பதரை மணியளவில். ஆழிப்பேரலையில் இறந்தோருக்காக நாடெங்கும் மௌனம் காக்கப்படுவதும் ஏறக்குறைய அதே வேளையில்தான். அந்தக் கிரகணம் எந்த இடத்தில் எந்த நிமிடத்தில் தெரியும் என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே வானியலார் கணித்து வைத்திருந்தனர்.

பூகம்பத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. அது எந்த நாளில் நிகழும் என்று கூறத்தக்க வழி இன்றுவரை எவரிடமும் இல்லை. ஆழிப்பேரலையோ இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அது எப்போது பிறக்கும் என்று சொல்ல இயலாது. ஆனால், பிறந்த பின் எப்போது வந்து சேரும் என்று சொல்ல இயலும். அதன் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீற்றர் ஆழமான கடலிலே அது மணிக்கு 700 கிலோமீற்றருக்கும் அதிகமான வேகத்தில் ஓடும். ஆகாய விமானத்தின் வேகத்தோடு ஒப்பிடத்தக்கது. ஆழ்கடலில் அதன் உயரம் சிறிது. கப்பலில் இருப்போர் அதை உணரவும் மாட்டார்கள். கரையை அணுகி ஆழம் குறையுந்தோறும் அதன் வேகம் தணிந்து உயரம் ஏறும். பூகம்ப அதிர்வோ இதனினும் பன்மடங்கு விரைவாகப் புவிக்குள்ளே பரந்து, சில நிமிடங்களிலேயே உலகெங்குமுள்ள கருவிகளிற் பதிவாகிவிடும். அதிர்வு வந்து சேர்வதற்கும் அலை வந்து சேர்வதற்கும் இடையிலுள்ள நேரமே எச்சரிக்கைக்குரிய நேரம். 2004இல் அந்த நேரம் நமக்கு ஒன்றரை மணிக்குக் குறையாமல் இருந்தது. அதைப் பயன்படுத்துவதற்குரிய அமைப்பு அன்று இந்து சமுத்திரத்தில் இருக்கவில்லை.

அமைப்பு இல்லாவிடினும் அறிவு உயிரைக் காக்கும் என்பதற்கு அன்றே ஒரு சான்று கிடைத்தது. பூகம்பம் தோன்றிய இடத்துக்கு மிக அண்மையிலே சிமுலுவே என்னும் தீவு இருக்கிறது. அங்கு வாழ்ந்தோர் ஏறக்குறைய 78,000 பேர், பெரும்பாலும் முஸ்லிம்கள். அலை அத்தீவின் சில கரைகளை அடையப் பத்து நிமிடமளவே ஆயிற்று. எந்தக் கருவியும் அவர்களை எச்சரிக்கவில்லை. ஆயினும், அங்கு இறந்தோர் எழுவர் மட்டுமே. காரணம், 1907 ஜனவரி 4 அன்று அத்தீவை ஒரு பேரலை அழித்திருந்தது. அதிலே தப்பியவர்கள் அவ்வலைக்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, அதன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள், தாலாட்டிலும் பாடினார்கள். நிலம் பலமாக ஆடி, பின்னர் கடல் வற்றினால், எதையும் எடுக்க நில்லாமல் மேட்டுக்கு ஓடு என்பதே கதையின் சாரம். 97 ஆண்டுகள் கழிந்த பின், 1907ஐக் கண்ணாற் கண்டவர் எவரும் இல்லாத காலத்திலே, அந்தக் கதை ஒரு தீவையே காப்பாற்றியது.

இங்கே நாம் நம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தமிழுக்கு இப்பொருள் புதிதன்று. 'கடற்கோள்' என்னும் சொல் நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. புகார் நகரைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறும். 1883 ஓகஸ்ட் 27 அன்று கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலைகள் இலங்கைக் கரைகளையும் அடைந்தன. நமது மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள பாணமையில் ஒரு பெண் உயிரிழந்ததாக அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. ஆகவே, சொல் இருந்தது; இலக்கியம் இருந்தது; பதிவும் இருந்தது. 'கடல் இவ்வாறு நடந்தால் நீ இவ்வாறு செய்' என்னும் ஒரு வாக்கியம் மட்டும் உம்மாவிடமிருந்து பிள்ளைக்குச் செல்லவில்லை. அதனாலேயே முதல் அலை பின்வாங்கியபோது பலர் கடற்கரைக்கு வேடிக்கை பார்க்கப் போனார்கள்.

யப்பானியர் இதற்கு வேறொரு வழி கண்டனர். 1854இல் ஹிரோ என்னும் கடற்கரைக் கிராமத்தில், ஹமகுச்சி கொர்யோ என்பவர், இருளிலே வழி தெரியாது தவித்தோருக்கு மேட்டு நிலத்தைக் காட்டும் பொருட்டு, வயலிலிருந்த வைக்கோற் போர்களுக்குத் தீ வைத்தார். வயலும் வைக்கோலும் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெறுமதியானவை என்பதை இந்த மாவட்டத்து விவசாயிகளுக்கு நான் எடுத்துக் கூற வேண்டியதில்லை. அந்நிகழ்ச்சி பாடசாலைப் புத்தகத்திலே கதையாக ஏறியது. யப்பானின் பழைய சந்திரக் கணக்கில் அது 11ஆம் மாதம் 5ஆம் நாள். கிரகோரியன் கணக்கிலே டிசம்பர் 24. எனினும் ஐக்கிய நாடுகள் சபை, நவம்பர் 5ஐயே உலக சுனாமி விழிப்புணர்வு தினமாக 2015இல் ஏற்றுக்கொண்டது. திகதி நகர்ந்துவிட்டது, பாடம் நகரவில்லை. பாடமே முக்கியம்.

இலங்கையில் டிசம்பர் 26 தேசிய பாதுகாப்பு தினமாக அனுட்டிக்கப்படுகிறது. காலை 9 மணி 25 நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் நாடு மௌனம் காக்கிறது. பள்ளிவாசல்களில் துஆப் பிரார்த்தனையும், கோவில்களிலும் தேவாலயங்களிலும் வழிபாடும் நடைபெறுகின்றன. 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை அமைப்பொன்று உருவாகி, 2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நிலையங்கள் அதை நடத்துகின்றன. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவான பூகம்பம் நிகழ்ந்தபோது எச்சரிக்கை விடுக்கப்பட்டு, நமது கரையோர மக்கள் உள்நாட்டுக்குச் சென்றனர். புவியோடு பக்கவாட்டில் நகர்ந்தமையால் அன்று பேரலை எழவில்லை. வீணாக ஓடினோம் என்று எவரும் எண்ணலாகாது. அது நல்லதோர் ஒத்திகை.

ஆயினும், இரண்டு நிமிட மௌனம் மட்டும் போதுமா? 2004இற்குப் பின் பிறந்தோர் இன்று வாக்களிக்கும் வயதை அடைந்துவிட்டனர். அவர்களுக்கு அந்த நாள் சுவரில் தொங்கும் புகைப்படம். மையவாடியில் காணும் ஒரு பொதுக் கபுறு. மௌனத்துக்குப் பின் அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. சிமுலுவேத் தீவின் பாடத்தை அப்படியே எடுத்துக் கூறுவதும் நமக்குப் போதாது. அங்கு நிலம் ஆடிற்று. நமக்கோ அப்பூகம்பம் வெகு தொலைவில் நிகழ்ந்தது; ஓடிவிடு என்று சொல்லத்தக்க அதிர்ச்சி இங்கு இருக்கவில்லை. தாய்லாந்திலே முதலிற் கடல் வற்றியது. நமது திசைக்கு வந்த அலையிலோ ஏற்றமே முன்னே வந்தது. வற்றியது அதன் பின்னர்தான்.

ஆகவே, நம் பிள்ளைக்குரிய பாடம் இதுவாகும். நிலம் அசையாவிட்டாலும் அலை வரலாம். கடல் வழக்கத்துக்கு மாறாக ஏறினாலும் வற்றினாலும் அங்கே நிற்கலாகாது. முதல் அலை சிறிதாயின் அடுத்தது பெரிதாகலாம். பல மணி நேரத்துக்கு அலைகள் தொடரும். விட்டுவந்த பொருளை எடுக்கத் திரும்பலாகாது. ஆற்று முகத்துவாரங்களின் வழியே நீர் வெகுதூரம் உட்புகும். ஓடும் வழி அவற்றை ஒட்டியதாக இருத்தலாகாது. உறுதியான மாடிக் கட்டடம் எது, மேற்கே செல்லும் வீதி எது என்பதை ஒவ்வொரு வீட்டாரும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். வானொலியில் எச்சரிக்கை கேட்டவர் அதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் அயலவருக்குக் கூற வேண்டும். பாங்கு ஒலிக்கும் ஒலிபெருக்கி நம் ஒவ்வொரு மஹல்லாவிலும் உண்டு. எச்சரிக்கையை ஊருக்குள் கொண்டுசெல்ல அதனினும் விரைவான கருவி வேறில்லை.

முழுமதி 19 ஆண்டுகளுக்கொரு முறை அதே திகதிக்குத் திரும்பும் என்பது வானியற் கணக்கு. அவ்வாறே 2004இல் போல 2023இலும் டிசம்பர் 26 போயா நாளாக அமைந்தது. நிலவு திரும்பி வந்தது, அலை வரவில்லை. அது எந்த நாளில் வரும் என்று எந்த நாட்காட்டியும் கூறாது. நாட்காட்டியால் இயல்வது ஒன்றே: சொல்ல மறந்ததை ஆண்டுக்கு ஒருமுறையேனும் சொல்லும்படி நம்மை நினைவூட்டுவது. அடுத்த டிசம்பர் 26 காலையில் அந்தத் தாளின் முன்னே பிள்ளைகளை இருத்தி, இந்தப் பாடத்தை அவர்கள் வாயாலேயே ஒருமுறை சொல்லச் செய்யுங்கள். சிமுலுவேத் தாய்மார் செய்தது அவ்வளவே.